மட்காட்டுக்கு வெளியில நிக்கிற சில்லுகள்

ரயர்க்கடைக்காரருக்கு ஒரு வியாதி இருக்கு: ஆளின்ர முகத்தைப் பார்க்க முதல், ஆள் வந்த வாகனத்தின்ர சில்லைத்தான் பார்ப்பம். கலியாண வீட்டுக்குப் போய் வாசலில செருப்பைக் கழட்டேக்கையும், பக்கத்தில நிக்கிற வானின்ர முன் ரயர் ஒரு பக்கமாத் தேய்ஞ்சு கிடக்கிறதுதான் கண்ணில படும். பிறகு சோறு இறங்காது. அந்த வான்காரரைத் தேடிப் பிடிச்சுச் சொல்லும்வரைக்கும் கதிரையில இருக்கேலாது. வாகனம் வைச்சிருக்கிற ஆக்களோட ஒரே வீட்டில சீவிக்கிற எல்லாருக்கும் இந்த அந்தரம் விளங்கும். உங்களை நினைச்சுத்தான் இதை எழுதிறன்.

பரந்தனில, முல்லைத்தீவு ரோட்டில, சந்தி தாண்டினவுடனை எங்கட கடை. கொம்பியூட்டரில வீல் அலைன்மென்ற் பார்க்கிறதும் வாற ஆக்களோட வாய்ச்சண்டை பிடிக்கிறதும் நான். வாகனத்துக்குக் கீழ படுக்கிறது என்னைக் கட்டின மனுசன். அவர் ஒரு நாளைக்குப் பத்து வசனம் கதைச்சால் பெரிய விசயம். மிச்சத்தை நான் கதைக்கிறன்.

இப்ப ரெண்டு மூண்டு வருசமா எங்கட பக்கத்தில ஒரு பைத்தியம் பரவிக்கிடக்கு. பின்னால திறந்த பெட்டி உள்ள டபிள் கெப், சின்ன லொறி எண்டு எதைப் பார்த்தாலும் அகல ரிம்மைப் பூட்டிச் சில்லை அதுக்கு மேல மூடிநிக்கிற மட்காட்டுக்கு வெளியில தள்ளி விடுகினம். முன்னால இருந்து பார்த்தால் வாகனம் நண்டு மாதிரித் தெரியும். ரிம்மின்ர நடுத்தட்டு எந்த இடத்தில இருக்கோ, அதைப் பொறுத்துத்தான் சில்லு உள்ளுக்கையோ வெளியிலையோ நிக்கும். கம்பனிக்காரன் அதைச் சும்மா வைக்கேல்லை. வெளியில தள்ளினால் பாரம் விழவேண்டிய இடத்தை விட்டு வேற இடத்தில விழும். பெயாரிங் தாங்காது, ஸ்டியரிங் இழுக்கும், பிரேக் பிடிச்சால் வாகனம் தன்ர பாட்டுக்கு ஒரு பக்கம் போகும். இதை நான் ஒரு நாளைக்கு எத்தினை தரம் சொல்லிறன் எண்டு எனக்கே தெரியாது.

எனக்கு ஒரு தம்பி. பேர் குகன், முப்பது தாண்டிட்டுது, இன்னும் கலியாணம் ஆகேல்லை. அவனிட்டை ஒரு டபிள் கெப் இருக்கு. கலியாணங்களுக்கு வாடகைக்கு ஓடுறதும் அதுதான், அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோறதும் அதுதான், என்ர ரெண்டு பிள்ளையளும் ரியூசனுக்குப் போறதும் அதுதான். இந்தப் பைத்தியம் அவனுக்கு மட்டும் தொத்தக்கூடாது எண்டதுதான் என்ர ஒரே நேத்தி.

ஐயா இல்லையோ?

பூவரசங்குளத்தில இருந்து ஒருத்தர் கெப்போட வந்தார். பின்பெட்டிக்குள்ள புது ரிம் நாலு, பேப்பர்கூடக் கிழிக்காமல் கிடக்கு. என்னைத் தாண்டிக் கடைக்குள்ள எட்டிப் பார்த்து, "ஐயா இல்லையோ?" எண்டார். இருக்கிறார், என்ன வேலை எண்டு என்னட்டைச் சொல்லுங்கோ எண்டன். அவர் விருப்பமில்லாமல்தான் சொன்னார். நான் ரிம்மை எடுத்து அளந்து பார்த்தால், பூட்டினால் சில்லு ஒரு கையளவு வெளியில நிக்கும். எவ்வளவு பாரம் ஏத்துவியள் எண்டு கேட்டன். நெல்லுமூட்டை எண்டார். பூட்டமாட்டன் எண்டன்.

"வவுனியாவைத் தாண்டி, கிளிநொச்சியையும் தாண்டி இவ்வளவு தூரம் ஏன் வந்தனீங்கள்?" எண்டு கேட்டால், அங்க கேட்ட கடை எல்லாத்திலயும் மாட்டம் எண்டிட்டினமாம். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, அவருக்குக் கோவம் வந்திட்டுது. அந்த நேரம் பார்த்து என்ர மனுசன் ஒரு லொறிக்குக் கீழ இருந்து தலையை நீட்டினார். வந்தவருக்கு முகம் மலர்ந்து, முழுக்கதையையும் முதலில இருந்து திரும்பச் சொன்னார். இவர் ரிம்மை ஒருக்காப் பார்த்தார், "பூட்டேலாது" எண்டார், திரும்ப லொறிக்குக் கீழ போயிட்டார். வந்தவர் நாலு ரிம்மையும் திரும்ப அடுக்கிக்கொண்டு, லொறிப்பக்கம் குனிஞ்சு சொன்னார்: "ஆம்பிளை ஆள், கொஞ்சம் நியாயமாக் கதைப்பியள் எண்டு பார்த்தால், நீங்களும் அவாவின்ர ஆள்தான்."

தம்பிக்கும் தொத்திட்டுது

நான் பயந்தபடியே ஒருநாள் குகன் கைபேசியில ஒரு படத்தோட வந்தான். கிளிநொச்சியில ஒருத்தன் இப்பிடி வெளியில தள்ளின வீலோட கெப் ஓடுறானாம், கலியாணக்காரர் எல்லாரும் அவனிட்டைத்தான் போகினமாம். போட்டோ எடுக்க வடிவா இருக்காம். "எனக்கும் பூட்டிவிடு அக்கா" எண்டான். நான் தொடங்கினன். பெயாரிங்கில தொடங்கி, ஸ்டியரிங்குக்குப் போய், பொலிசுக்கு வந்து, இன்சூரன்சில முடிச்சன். "நாளைக்கு ஆரையும் தட்டினால், இன்சூரன்ஸ்காரர் வந்து வாகனத்தைச் சுத்திப் பார்ப்பினம். சில்லை மாத்தினதை அவைக்கு அறிவிக்கேல்லை எண்டால் கையை விரிச்சிட்டுப் போவினம். பிறகு நீயும் நானும் வயலை வித்துத்தான் கட்டவேணும்" எண்டன்.

அவன் காதில வாங்கேல்லை. "அப்பா ஒவ்வொரு மாரிக்கும் ட்ரக்டர் சில்லைத் திருப்பிப் போடுறவர்தானே, ஏதும் கழண்டு விழுந்ததோ?" எண்டான். உங்களுக்கு வயல்காரரின்ர இந்தப் பழக்கம் தெரியாட்டில் சொல்லிறன். மாரிச் சேத்துக்க இறங்கேக்கை ட்ரக்டர் வரம்பில சரிஞ்சுபோகாமல் இருக்க, பின் ரிம்மைக் கழட்டி உள்பக்கம் வெளியில வாறமாதிரித் திருப்பிப் பூட்டுவினம். சில்லு ரெண்டும் அகண்டு நிக்கும். ஆனால் ட்ரக்டர் ரிம் ரெண்டு பக்கமும் பூட்டத்தக்கதாச் செய்தது, ஓடுறதும் நடக்கிற வேகம். கெப்பின்ர ரிம் ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்தது, ஏ ஒன்பது வீதியில அது பறக்கிற பறப்பு எங்கை! இதை நான் சொல்லி முடிக்க முதல் அவன் கெப்பில ஏறிட்டான். கண்ணாடியை இறக்கிப்போட்டு, கடையில நிண்ட நாலு பேருக்கும் கேக்கிறமாதிரி: "அக்கா, நீ ரயர் விக்கிறியோ, உபதேசம் விக்கிறியோ?"

கொக்கிளாய் மீன்லொறி

எல்லாரும் வடிவுக்காகத்தான் செய்யினம் எண்டும் சொல்லேலாது. கொக்கிளாயில இருந்து மீன் ஏத்திற ஒரு அண்ணைக்கு உண்மையான பிரச்சினை. கரையில மணலுக்க லொறி புதையுதெண்டு எங்கையோ அகல ரிம் தேடிப் பூட்டியிருந்தார். மணலுக்க புதையிறது நிண்டுதான் போச்சு. ஆனால் பாரம் ஏத்தினால் ரயர் மட்காட்டில உரஞ்சும். அவர் மட்காட்டை வெட்டிப்போட்டார். பிறகு பெயாரிங் இரையத் தொடங்கிச்சுது. அவர் பாட்டைச் சத்தமாப் போட்டிட்டார். எங்கட கடைக்கு முன்னால வந்து நிக்கேக்கை முன் சில்லில இருந்து புகை வருது. கையை வைச்ச என்ர மனுசன் உடனை எடுத்திட்டார்.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. இந்தச் சில்லு ஒட்டுசுட்டானுக்கும் முரசுமோட்டைக்கும் இடையில கழண்டு போயிருந்தால் என்ன செய்திருப்பியள், காலமை நேரம் பள்ளிக்கூடப் பிள்ளையள் சைக்கிளில வரிசையாப் போற ரோட்டெல்லோ எண்டு தொடங்கி, மூச்சு விடாமல் ஏசினன். மீன்லொறி அண்ணை பொறுமையாக் கேட்டுக்கொண்டு நிண்டார். பின்னால பெட்டிக்க இருந்து தண்ணி சொட்டுச் சொட்டா எங்கட கடைவாசலில விழுது, தெருநாய் ரெண்டு வந்து இருந்திட்டுது. நான் மூச்சு வாங்கின இடைவெளியில அவர் சொன்னார்: "தங்கச்சி, நீங்கள் சொல்லிறது எல்லாம் சரி, பெயாரிங்கைப் பற்றி நாளைக்கும் வந்து ஏச்சு வாங்கிறன், இப்ப இந்த ஐஸ் கரையாமல் இருக்க ஏதும் வழி சொல்லுங்கோ."

பழைய ரிம் எங்கை?

சந்தியில பொலிஸ் மறிச்ச ஒரு கெப்காரன் எங்கட கடைக்கு ஓடி வந்தான். விசுவமடுப் பொடியன், வேலைக்குப் போய் உழைச்சு வாங்கின கெப். அண்டைக்கு நிண்ட பொலிஸ்காரர் கெட்டிக்காரர். பக்கத்தில கட்டிடம் கட்டிக்கொண்டிருந்த மேசனிட்டைப் போய்த் தூக்குக்குண்டு வாங்கி வந்து, நூலை மட்காட்டின்ர விளிம்பில பிடிச்சுத் தொங்கவிட்டார். குண்டு நிலத்துக்குப் போகாமல் ரயரில போய்க் குந்தியிருந்துது. அதைப் பார்க்கச் சந்தியில ஒரு கூட்டம். "சைக்கிளில போற ஆளின்ர காலில இது ஏறிப்போடும். சில்லு வாகனத்தை விட்டு வெளியில நிக்கக்கூடாது. பழைய சில்லைப் பூட்டிக்கொண்டு வந்து ஸ்ரேசனில காட்டு" எண்டு துண்டு எழுதிக் குடுத்திட்டார்.

பொடியனைப் பார்க்கப் பாவமாத்தான் இருந்துது. ஆனால் எனக்கு உள்ளுக்க ஒரு சந்தோசம், ஏனெண்டால் குகன் இந்தக் கதையைக் கேள்விப்படுவான். சரி, கொண்டு வாரும் பழைய ரிம்மை, உடனை பூட்டித்தாறம் எண்டன். அவன் நிலத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாச் சொன்னான்: "அக்கா, அதுக்குள்ள கொங்கிறீற் போட்டு வொலிபோல் கம்பம் நட்டிட்டாங்கள், சனிக்கிழமை பைனல் முடியும்வரைக்கும் கழகத்தில அசைக்க விடமாட்டாங்கள்."

ஐயரின்ர வேட்டி

மழைக்காலம் வந்தால் இன்னொரு கூத்து. மட்காட் இருக்கிறதே சேறு வெளியில பறக்காமல் இருக்கத்தானே. சில்லு மட்காட்டைத் தாண்டி நிண்டால், அது வாரி அடிக்கிறதெல்லாம் ரோட்டில போற சனத்துக்குத்தான். எங்கட கடைக்கு முன்னால ஒரு பள்ளம் இருக்கு. ரோட்டுக்காரர் அதை மூடுவினம், மழை திரும்பத் திறக்கும். அண்டைக்கு எங்கட கோயில் ஐயர் மோட்டச்சைக்கிளில வந்து, காத்துக் குறைவெண்டு கடையோரம் நிப்பாட்டினார். வெள்ளை வேட்டி, கையில பூக்கூடை. அகலச்சில்லுக் கெப் ஒண்டு வந்து பள்ளத்தில விழுந்து எழும்பிச்சுது. ஐயர் நிண்ட பக்கம் முழுக்கச் செம்மண்.

கெப்காரன் நிண்டு மன்னிப்புக் கேட்டான், அதைக் குறை சொல்லேலாது. தண்ணி தெறிச்சு அவன்ர பக்கக்கண்ணாடிகூட மண்ணால மூடிப்போச்சு. அவனுக்குப் பின்னால என்ன வருதெண்டே தெரிஞ்சிருக்காது. நான் துவாயோட ஓடினன். ஐயர் ஒண்டும் ஏசேல்லை. தன்ர வேட்டியையும் பூக்கூடையையும் மாறி மாறிப் பார்த்துப்போட்டு என்னைக் கேட்டார்: "பிள்ளை, நான் பூசைக்குப் போறனோ உழுதிட்டு வாறனோ எண்டு சனம் கேட்டால் என்ன சொல்லட்டும்?"

குகன் வராத கிழமை

எங்கட சண்டைக்குப் பிறகு குகன் கடைப்பக்கம் வாறதை விட்டிட்டான். அவன் வராட்டில் நிம்மதி எண்டு சொல்லிக்கொண்டு பிள்ளையளை நான் பஸ்ஸில விட்டன். அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தால், அவன் வீட்டிலதான் நிக்கிறான், நல்லாச் சாப்பிடுறான், ஒரு கரைச்சலும் இல்லை எண்டா. அதுதான் எனக்குக் கூடப் பயம். அவன் சின்னனில இருந்தே அப்பிடி. சத்தம் போட்டால் ஒண்டும் செய்யான், சத்தமில்லாமல் இருந்தால் ஏதோ செய்திட்டான் எண்டு அர்த்தம். முந்தியொருக்கா மூண்டு நாள் நல்லபிள்ளையா இருந்தான், பிறகு பார்த்தால் அப்பாவின்ர வானொலி முழுக்கப் பாகம் பாகமாப் பிரிச்சுக் கட்டிலுக்குக் கீழ கிடந்துது.

எனக்கு இருப்புக்கொள்ளேல்லை. கொம்பியூட்டரில ஒரு காரின்ர அளவைப் பார்த்துக்கொண்டிருக்கேக்கையே ரோட்டில கெப் இரைச்சல் கேட்டால் எழும்பி ஓடுவன். அவன்ர இல்லை எண்டால் ஒரு நிம்மதி, திரும்ப இருந்தால் அவன்ர ஏன் இன்னும் வரேல்லை எண்டு ஒரு அந்தரம். போய்ப் பார்த்திட்டு வரலாம்தான், ஆனால் நான் ஏன் முதலில போகவேணும் எண்டு ஒரு வீம்பு. என்ர மனுசன் இதெல்லாத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் ரீ குடிக்கேக்கை, அண்டைய பத்து வசனத்தில ஒண்டைச் செலவழிச்சார்: "அவன் வராமல் இருந்தால் நிம்மதி எண்டு நீதான் சொன்னனி, இப்ப அலைன்மென்றுக்கு வந்த காரை விட்டிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்."

மாட்டுப்பட்டி மறிச்ச கெப்

அது ஒரு நல்ல நாள், ரோட்டில ரெண்டு மூண்டு கலியாண வாகனம் போயிட்டுது. காலமை பத்து மணி இருக்கும். கடையில ஒரு காருக்குப் பஞ்சர் ஒட்டினபடி. காருக்குச் சொந்தக்காரர், விவசாய அலுவல் பார்க்கிற கமநலக் கந்தோரில வேலைசெய்யிற ஒருத்தர், கதிரையில பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்ப ஒரு மாட்டுப்பட்டி ரோட்டைக் குறுக்கறுத்துது. வாகனங்கள் எல்லாம் நிண்டு நிண்டு நகர்ந்துது. அதுக்குள்ள பூமாலை கட்டின ஒரு கெப். குகன்ர. கிளிநொச்சியில சோடிச்ச கலியாணப் பொம்பிளையை ஏத்தி, முரசுமோட்டைப் பக்கம் கோயிலுக்குக் கொண்டுபோறான். பரந்தன் சந்தியைத் தாண்டாமல் அங்கை போகேலாது, இல்லாட்டில் என்ர கடைக்கு முன்னால அவன் வந்திருக்கவே மாட்டான். என்னைக் காணாத மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் கேட்டது சத்தம்தான். கெப் நகரேக்கை பின்பக்கத்தில இருந்து "டக்... டக்..." எண்டு. இறுக்கமில்லாத சில்லு மெதுவா உருளேக்கை வாற சத்தம் அது. கண் தானாச் சில்லுக்குப் போச்சு. பின் சில்லு ரெண்டும் மட்காட்டுக்கு வெளியில ஒரு கையளவு தள்ளி நிக்குது. ரிம்முக்குப் புதுசா வெள்ளிப் பெயின்ற். காத்தடிக்கிற வால்வைக் காணேல்லை, அது உள்பக்கம் போயிட்டுது. அட கடவுளே! இவன் ஆரிட்டையும் பூட்டக் குடுக்கேல்லை. வீட்டில ஜக் வைச்சு, அப்பா ட்ரக்டருக்குச் செய்தமாதிரி ரிம்மைத் திருப்பிப் போட்டிருக்கிறான். முன்னுக்குப் பிரேக் இடிச்சிருக்கும், அதால பின்னுக்கு மட்டும். பின்பெட்டியில பலகாரத் தட்டங்களோட ஏழெட்டுச் சனம், அதில ரெண்டு குழந்தை. செருப்பும் போடாமல் ரோட்டுக்கு ஓடிப்போய் பொனெற்றில ரெண்டு கையையும் ஊண்டிக்கொண்டு நிண்டன்.

"விலகு அக்கா, முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம்தான் கிடக்கு" எண்டு குகன் கத்தினான். நான் பின் சில்லடிக்குப் போய்க் குந்தி நட்டில கையை வைச்சன். ஸ்பனர் தேவைப்படேல்லை, விரலாலயே சுத்த வந்திட்டுது. ரிம்மின்ர வெளிப்பக்கத்தில நட் போய்ப் பதியிறதுக்குக் குழிவு இருக்கு, உள்பக்கத்தில அது இல்லை. எவ்வளவு இறுக்கினாலும் ஓட ஓட இளகும். ஆறு நட்டில ஒண்டு ஏற்கெனவே விழுந்து போச்சு. நான் கழண்டுவந்த நட்டைக் கையில எடுத்துக்கொண்டு எழும்பினன். பொம்பிளையின்ர தாய்மாமன் முன் சீற்றில இருந்து இறங்கி வந்தார். "பிள்ளை, கோயிலுக்கு வெளிக்கிட்ட பொம்பிளையை நடுவழியில இறக்கிறது அபசகுனம். போய் இறக்கிப்போட்டு வாறம், பிறகு எவ்வளவெண்டாலும் இறுக்குங்கோ." கூடின சனத்தில ஆளுக்கொரு கதை. மெதுவாப் போனால் ஒண்டும் ஆகாது எண்டு ஒருத்தர், கம்பியால கட்டிவிடுங்கோ எண்டு இன்னொருத்தர். குகன் கெஞ்சத் தொடங்கிட்டான். "கிட்டத்தானே அக்கா, இருபதில போறன், சத்தியமா." நான் கதவால கையை விட்டு எஞ்சினை நிப்பாட்டி, திறப்பை இழுத்தெடுத்து என்ர சட்டைப்பைக்க போட்டன். "என்னைக் கொன்றுபோட்டுப் போடா" எண்டன்.

பிறகு பின்கதவு திறந்துது. பொம்பிளை தன்ர பாட்டில கூறைச்சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இறங்கினா. தாய் உள்ளுக்க இருந்து "இறங்காதை, இறங்காதை" எண்டு கத்திறா. அவா வந்து சில்லைப் பார்த்தா, என்ர கையில இருந்த நட்டைப் பார்த்தா, பின்பெட்டியில இருந்த குழந்தையளைப் பார்த்தா. "எல்லாரும் இறங்குங்கோ" எண்டா. அவ்வளவுதான். கமநலக் கந்தோர்க்காரர் பேப்பரை மடிச்சு வைச்சிட்டு, "என்ர கார் ரெடியெண்டால் வாங்கோ" எண்டார். மற்ற ஆக்களுக்கு சந்தியில நிண்ட ஓட்டோக்கள் வந்திட்டுது. பொம்பிளை காருக்குள்ள ஏறி, மாலையைச் சரிசெய்து, கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டா: "அக்கா, அந்த நட்டைத் தாங்கோ, நான் ஏன் பிந்தினனான் எண்டு மாப்பிளை வீட்டுக்குக் காட்டவேணும்."

சொல்லிக்காட்டல்

தாலிகட்டு நேரத்துக்குள்ள நடந்திட்டுதெண்டு பின்னேரம் கார்க்காரர் வந்து சொன்னார். அதுவரைக்கும் குகன் எங்கட கடையில பழைய ரயர் அடுக்கில குந்தியிருந்தான். பூமாலை கட்டின கெப் ஜக்கில நிண்டுது. என்ர மனுசன் சில்லைக் கழட்டி, நட் பூட்டிற கம்பிகளைத் துணியால துடைச்சு அவனுக்குக் காட்டினார். ரெண்டின்ர புரி தேய்ஞ்சு போச்சு, ஒண்டில வெடிப்பு. குகன் வெடிப்பில விரலை வைச்சுத் தடவிப் பார்த்தான். எனக்கு அவனுக்கு ரெண்டு அறை குடுக்கவேணும் போலயும் கிடந்துது, கட்டிப்பிடிச்சு அழவேணும் போலயும் கிடந்துது. ரெண்டையும் செய்யாமல் கொம்பிரசருக்குப் பின்னால போய் நிண்டு அழுதிட்டு வந்தன். அம்மா அதில கிளினிக்குக்குப் போயிருக்கலாம். என்ர பிள்ளையள் அந்தப் பின்பெட்டியில இருந்திருக்கலாம்.

அதுக்குப் பிறகு கம்பி எல்லாம் மாத்தி, ரிம்மைச் சரியாப் பூட்டிக் குடுத்திட்டம். வெள்ளிப் பெயின்ற் உள்ளுக்க போய், ஆருக்கும் தெரியாது. பிள்ளையள் திரும்ப அதில ரியூசனுக்குப் போகினம். அவன் வந்து நிண்டவுடனை நான் ஸ்பனரோட போய் ஆறு நட்டையும் தொட்டுப் பார்ப்பன். பார்த்துக்கொண்டே ஏசுவன். பெயாரிங்கில தொடங்கி பொம்பிளையில முடிப்பன். பிள்ளையள் உள்ளுக்க இருந்து எனக்கு முதல் அடுத்த வசனத்தைச் சொல்லுவினம், அவையளுக்கு மனப்பாடம். போன கிழமை குகன் பொறுமை இழந்திட்டான். ஸ்டியரிங்கில தலையை முட்டிக்கொண்டு சொன்னான்: "அக்கா, சில்லு கழண்டிருந்தால் அண்டைக்கு ஒரு நாளோட முடிஞ்சிருக்கும், நீ நான் சாகும்வரைக்கும் சொல்லப்போறாய்."

ஓம், சொல்லத்தான் போறன், ஏனெண்டால் எங்கட தொழிலில வேலை சரியா நடந்ததுக்கு இருக்கிற ஒரேயொரு அத்தாட்சி, வேலை செய்வித்த ஆள் உயிரோட நிண்டு எங்களைத் திட்டிறதுதான்.